யாருடைய சுவர்? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பயணம்

வெள்ளி, தருமபுரி

2026 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால் போன பயணம் இது. தேர்தல் தேதி அப்போது இன்னும் அறிவிக்கவில்லை. அறிவித்துவிட்டால் நான் பார்க்க வந்ததில் பாதி காணாமல் போய்விடும். தேதி வந்த 24 மணி நேரத்துக்குள் அரசு அலுவலகச் சுவர்களில் இருக்கும் கட்சி எழுத்தை அழித்துவிட வேண்டும். பஸ் நிலையம், பாலம், மின்கம்பம் இவற்றுக்கு 48 மணி நேரம். தனியார் சுவரில் விதியை மீறி எழுதியிருந்தால் அதற்கு 72 மணி நேரம். இது தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் கெடு. சுண்ணாம்பு வாளியோடு ஆட்கள் இறங்கினால் ஒரு ஊரின் ஐந்து வருடப் பேச்சு ஒரே நாளில் வெள்ளையாகிவிடும். அதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். எந்தச் சுவரில் யார் எழுதுகிறார்கள், யாரைக் கேட்டு எழுதுகிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்.

காலையில் சேலத்தில் ரயில் ஏறி தருமபுரியில் இறங்கினேன். நிலையத்துப் பெயர்ப் பலகையில் மூன்று மொழி. 1952 ஆகஸ்ட் 1 அன்று பெரியாரின் திராவிடர் கழகத்தினரும் அண்ணாவின் தி.மு.க.வினரும் தமிழ்நாட்டு ரயில் நிலையங்களில் இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழித்தார்கள். பொது இடத்தில் எந்த எழுத்து இருக்கலாம் என்பது நம் ஊரில் பழைய சண்டை.

நகரத்துக்குள் அதிகம் இல்லை. பஸ் நிலையத்தைச் சுற்றிலும், நாலு ரோட்டுப் பக்கமும், பெரிய சுவர்கள் எல்லாம் அரசு ஓவியங்களுக்குப் போய்விட்டன. திருவள்ளுவர், மரம் நடும் குழந்தைகள், குப்பைத் தொட்டி. பார்க்க நன்றாகவே இருக்கின்றன, ஆனால் எந்த ஊருக்கும் பொருந்தும் படங்கள். தகடூர் என்று பெயர் பெற்ற ஊரில் அதியமானையும் ஔவையையும் நான் அதிகமாக எதிர்பார்த்தேன்.

சாயங்காலம் பென்னாகரம் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தபோதுதான் ஒன்று கவனித்தேன். பயணிகள் நிழற்குடைகள். தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டியவை. அதைக் கட்ட நிதி ஒதுக்கிய உறுப்பினரின் பெயர் நெற்றியில் முழ நீளத்துக்கு இருக்கிறது. ஊரின் பெயரைத் தேடித்தான் படிக்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கான இந்த நிதித் திட்டம் 1993-ல் வந்தது. பணம் அரசுடையது, அதாவது நம்முடையது. ராத்திரி யாருக்கும் தெரியாமல் பாலத்தில் கட்சிப் பெயர் எழுதும் பையனைக் குற்றவாளி என்கிறோம். பட்டப்பகலில், டெண்டர் விட்டு, நம் பணத்தில் பெயர் எழுதிக்கொள்வது வளர்ச்சிப் பணி ஆகிவிடுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

சனி, பாலக்கோடு

இன்று முழுக்க ஒரே மனிதரோடு போனது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குப் பக்கத்து டீக்கடையில் விசாரித்ததும் "ஆர்ட்டிஸ்ட்டைப் பாருங்க" என்று அனுப்பினார்கள். அறுபதைத் தாண்டியவர். இப்போது மாவு மில் போர்டும், பள்ளிக்கூடச் சுவரும், வண்டி நம்பர் பிளேட்டும் எழுதுகிறார். ஒரு காலத்தில் மாரண்டஅள்ளியிலிருந்து காரிமங்கலம் வரை எல்லாக் கட்சிக்கும் இவர் கைதான்.

"முதல்ல சுவரைப் பிடிக்கணும்ங்கம்மா. எழுத்தெல்லாம் அப்புறம்" என்றார். தேர்தலுக்கு ஒரு வருடம் முன்னாலேயே கட்சிப் பையன்கள் போய் சுவரின் இரண்டு ஓரத்திலும் கட்சிப் பெயரையும் வருடத்தையும் போட்டு, நடுவில் அம்புக்குறி இழுத்துவிட்டு வந்துவிடுவார்கள். அந்தச் சுவர் அவர்களுடையது என்று அர்த்தம். மற்றக் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் அதை மதிப்பார்கள். இப்போதும் வழியெல்லாம் அப்படித்தான், 2026 என்று போட்டு அம்பு இழுத்து வைத்திருக்கிறார்கள்.

சுவர் கிடைத்ததும் சுண்ணாம்பு. கல் சுண்ணாம்பை முந்தின நாளே தொட்டியில் ஊற வைத்து, கொஞ்சம் நீலம், உதிராமல் இருக்க வச்சிரப் பசை காய்ச்சி ஊற்றி, இரண்டு கோட்டிங். காய்ந்த பிறகு நூலில் கரித்தூள் தடவி, இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து, நடுவில் சுண்டினால் கோடு விழும். மேல் கோடு, கீழ் கோடு. எழுத்தின் உருவத்தைப் பெரியவர் வரைவார், உள்ளே நிறம் அடைப்பது கூட வரும் பையன். கடைசியில் நிழல். "நிழல் போட்டாத்தான் ரோட்ல பஸ்ல போறவனுக்கு எழுத்து எந்திரிச்சு நிக்கும்." பஸ்ஸில் போகிறவன் படிக்க எவ்வளவு நேரம் கிடைக்குமோ அவ்வளவுதான் வாசகம் இருக்க வேண்டுமாம். நீளமாக எழுதச் சொல்லும் வட்டச் செயலாளர்களோடு இவர் சண்டையே போட்டிருக்கிறார்.

சின்னங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அவர் முகமே மாறிவிட்டது. இரட்டை இலை சுலபம், நான்கு இழுப்பு. உதயசூரியனில் மலை இரண்டும் சமமாக வர வேண்டும், கதிர் ஒன்று கோணினாலும் தெரிந்துவிடும். மாம்பழம் சின்னப் பையன் கூட வரைவான், ஆனால் மஞ்சளும் சிவப்பும் சேரும் இடத்தில் கை வேண்டும். கஷ்டமானது காங்கிரஸ் கை. ஐந்து விரலும் அளவாக வராவிட்டால் யாரையோ தடுத்து நிறுத்துவதுபோல் ஆகிவிடும் என்றார். 1989 சட்டமன்றத் தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் கிடைத்தன அல்லவா, அந்த நாட்களில் ஒரே தெருவில் காலையில் சேவலும் மாலையில் புறாவும் வரைந்திருக்கிறார். சேவலின் கொண்டையை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரைவாராம். தரையில் சாக்பீஸால் வரைந்தே காட்டினார். வால் இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது.

வேட்பாளர் யார் என்று கடைசியில்தான் தெரியும் என்பதால் சின்னத்தையும் "வாக்களிப்பீர்" என்பதையும் எழுதிவிட்டு, பெயருக்கு இடம் விட்டு வைப்பார்கள். அறிவிப்பு வந்த ராத்திரி ஏணியோடு ஓடி எல்லாச் சுவரிலும் பெயரை நிரப்ப வேண்டும். பெயர் நீளமாக இருந்தால் எழுத்து ஒடுங்கிவிடும். பழைய சுவர்களில் பெயர் மட்டும் நெருக்கி நெருக்கி இருப்பதற்குக் காரணம் இன்றுதான் புரிந்தது.

பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. ஒரே ராத்திரியில் அச்சடித்து விடியற்காலையில் கட்டிவிடலாம், தலைவர் முகம் தலைவர் முகமாகவே இருக்கும். இவருடைய கூட்டாளிகள் பெயின்டிங் வேலைக்குப் பெங்களூர் போய்விட்டார்கள். 2019 செப்டம்பரில் சென்னையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண் இறந்தார். உயர் நீதிமன்றம் கடுமையாகப் பேசிய பிறகு கட்சிக்காரர்கள் சுவர் பக்கம் கொஞ்சம் திரும்பினார்கள். "கூப்புட்டாங்க. பிரஷ் பிடிக்கத்தான் ஆளில்லை" என்றார்.

நான் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டேன். சுவருக்குச் சொந்தக்காரரை யார் கேட்பார்கள்?

"கட்சிக்காரங்க கேட்டிருப்பாங்கன்னு நாங்க நெனச்சுக்குவோம்."

சில வீட்டில் சந்தோஷப்படுவார்களாம், பொங்கலுக்கு முன்னால் இலவசமாக வெள்ளையடித்த கணக்கு ஆயிற்றே. "அந்தப் பக்கம் தண்ணித் தொட்டி சுவரையும் சேத்து அடிச்சுடுப்பா" என்று சொல்லி கூழ் ஊற்றிக் கொடுத்த பாட்டிகள் உண்டு. வேறு கட்சி வீடு என்று தெரியாமல் ஏணி போட்டு, ஏணியோடு துரத்தப்பட்டதும் உண்டு. எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடித்து அழிப்பவன் மேல் இவருக்குக் கோபமே வராது, அது தொழில். சாணியைக் கரைத்து அடிப்பார்கள் பாருங்கள், அதுதான் தாங்காது என்றார்.

சாயங்காலம் பாப்பாரப்பட்டிக்குப் போய் சுப்பிரமணிய சிவா நினைவிடத்தைப் பார்த்தேன். தொழுநோயோடு, ரயிலில் ஏறக்கூடாது என்று தடுக்கப்பட்டு, நடந்தே ஊர் ஊராகப் பேசப் போன மனிதர். 1925 ஜூலை 23 அன்று இங்கேதான் இறந்தார். அமைதியாக இருந்தது. சீக்கிரமே கடைசி பஸ் என்பதால் கிளம்பிவிட்டேன்.

ஞாயிறு, நாயக்கன்கொட்டாய்

இந்தப் பதிவை எழுதுவதற்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் சுவர்களைப் பற்றி எழுத வந்துவிட்டு இந்த ஊரை விட்டுவிட்டால் மற்றதை எழுதுவதற்கு அர்த்தமில்லை.

நாயக்கன்கொட்டாயில் நக்சல்பாரி இயக்கத் தலைவர்கள் அப்பு, பாலன் நினைவுச் சிலைகள் இருக்கின்றன. பாலன் 1980 போலீஸ் நடவடிக்கையில் உயிரிழந்தவர். அந்த வருடம் தருமபுரியிலும் வட ஆர்க்காட்டிலும் அந்த இயக்கத்தை ஒழிப்பதற்கென்றே பெரிய போலீஸ் நடவடிக்கை நடந்தது. ஒவ்வொரு செப்டம்பர் 12 அன்றும் இங்கே அஞ்சலி செலுத்த ஆட்கள் வருகிறார்கள்.

சிலைக்குப் பக்கத்தில் மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவரோடு பேசினேன். அந்தக் காலத்தில் ராத்திரியோடு ராத்திரியாகப் பாலத்துக் கட்டையில் செங்காவியால் எழுதிவிட்டுப் போய்விடுவார்களாம். விடிந்ததும் ஊரே கூடி நிற்கும், ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. "இஸ்கோலுக்குப் போற பையனைப் பிடிச்சு நிக்க வெச்சு படிக்கச் சொல்லுவோம். அவன் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிப்பான். டீக்கடையில தனி டம்ளர் கூடாதுன்னு எழுதியிருந்தது, அது மட்டும் நெனப்பிருக்கு." யாரும் அவர்களுக்குப் பத்திரிகை நடத்தித் தரவில்லை. மேடையும் இல்லை. பாலத்துக் கட்டைதான் இருந்தது. அவர்கள் எடுத்த ஆயுத வழி எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தனி டம்ளர் கூடாது என்ற வாசகம் இந்தப் பக்கத்தில் யாருக்காக எழுதப்பட்டது என்பது எனக்குப் புரிகிறது.

அப்படிச் சாதிக்கு எதிராக ஒரு இயக்கம் வேர்விட்ட பகுதியில்தான், 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணமாக வைத்து நத்தம், அண்ணா நகர், கொண்டாம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடித் தீ வைத்தார்கள்.

இந்தப் பக்கத்துச் சாலைகளில் நடந்து பாருங்கள். மின்கம்பங்கள் மஞ்சளாக, அதில் வன்னியர் சங்கத்தின் அக்னி கலசம் வரைந்து வரும். ஒரு வளைவு, ஒரு புளியமரம், ஒரு குழாயடி. அதற்குப் பிறகு கம்பங்களில் விடுதலைச் சிறுத்தைகளின் நீலமும் சிவப்பும், நடுவில் நட்சத்திரம். நடுவில் எந்தப் பலகையும் இல்லை, தேவையும் இல்லை. வயலில் நட்ட எல்லைக்கல் மாதிரி அந்தக் கம்பம் நிற்கிறது. பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் காத்திருக்கும் குழந்தை தினமும் அதைத்தான் பார்க்கிறது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பொது இடங்களில் உள்ள கட்சி, சாதி, மத அமைப்புகளின் கொடிக்கம்பங்களை அகற்றச் சொன்னது. கொடிக்கம்பத்தைப் பிடுங்கலாம். மின்கம்பத்தில் பூசிய பெயின்டை யார் சுரண்டுவது?

காலனியில் பெட்டிக்கடை வைத்திருக்கும் அக்கா சோடா கொடுத்துவிட்டு, நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"ஓட்டு நேரத்துல எங்க சுவர்ல எழுத எல்லாக் கட்சியும் வருவாங்க கண்ணு. நாங்களும் எழுதிக்கோன்னு விடுவோம். அவங்க தெருவுல, ஒரே ஒரு சுவர்ல, எங்க ஆளு பேரை எழுத விடுவாங்களான்னு நீ போய் கேட்டுட்டு வா."

நான் கேட்கப் போகவில்லை. அவரும் நான் போவேன் என்று நினைத்துச் சொல்லவில்லை.

திங்கள், பர்கூர், மல்லப்பாடி

காலையில் கிருஷ்ணகிரி, அங்கிருந்து பர்கூர். 2004 பிப்ரவரி 9 வரை இதெல்லாம் தருமபுரி மாவட்டம்தான். கிருஷ்ணகிரி நகரச் சுவர்களில் ஒரு கோரிக்கையைப் பார்த்தேன், ரயில் வேண்டும் என்பது. ஐந்து திசையிலும் பெரிய சாலைகள் பிரியும் மாவட்டத் தலைநகரில் ரயில் நிலையம் இல்லை. தருமபுரிப் பக்கம் மொரப்பூர் ரயில் என்று எழுதியிருந்தார்கள். தருமபுரிக்கும் மொரப்பூருக்கும் இடையே இருந்த பழைய குறுகிய ரயில் பாதை 1941-ல் மூடப்பட்டது, புதிய பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். காவிரி உபரிநீரை ஏரிகளில் நிரப்பச் சொல்லும் எழுத்தும் அங்கே நிறைய. தலைவரை வாழ்த்தும் சுவரை விட இப்படிக் கேட்கும் சுவர்களில் எனக்கு மரியாதை அதிகம்.

பர்கூர் 1991-ல் ஜெயலலிதாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது, அந்த முறைதான் அவர் முதன்முதலில் முதல்வரானார். 1996-ல் அதே பர்கூர் தி.மு.க.வின் சுகவனத்தைத் தேர்ந்தெடுத்து அவரைத் தோற்கடித்தது. இரண்டு தேர்தலிலும் இந்தச் சுவர்கள் எப்படி இருந்திருக்கும் என்று டீக்கடையில் கேட்டேன். "சுவரைப் பார்த்திருந்தா 96-ல அந்தம்மாதான் ஜெயிச்சிருக்கணும்" என்றார் ஒருவர். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

மதியத்துக்கு மேல் மல்லப்பாடி. ஊர்ப் பையன் ஒருவன் வழி காட்ட, பாறைக்கு மேல் ஏறினோம். பாறைக் குடைவில் வெள்ளை நிறத்தில், குதிரை மேல் இருந்தபடி ஆயுதத்தோடு மோதும் மனிதர்கள். சில கோடுகள்தான். குதிரையின் ஓட்டம் அதில் இருக்கிறது. நேற்றுப் பார்த்ததெல்லாம் மனதில் இருந்ததாலோ என்னவோ, வெகு நேரம் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். இந்த மாவட்டம் முழுக்க நடுகற்களும், கற்திட்டைகளும், பாறை ஓவியங்களும் நிறைந்தது.

இறங்கி பஸ்ஸுக்கு வரும் வழியில் ரோட்டோரப் பாறைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றில் கட்சிச் சின்னம். ஒன்றில் சிமெண்ட் விளம்பரம். ஒன்றில் தலைவரின் பிறந்தநாள் வாழ்த்து, ஆயில் பெயின்டில். பொது இடங்களை அலங்கோலப்படுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் போட்டாயிற்று. வீட்டுச் சுவர் என்றால் கேட்க ஒரு ஆள் இருக்கிறார், அடுத்த பொங்கலுக்கு வெள்ளையும் அடித்துக்கொள்ளலாம். பாறைக்கு அது இரண்டும் இல்லை. கிரானைட் குவாரிக்குத் தப்பிய பாறையில் ஆயில் பெயின்ட். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, பாறையைத் தொடாதீர்கள் என்று ஒரு வரி உங்கள் மாவட்ட அலுவலகத்திலிருந்து கிளைகளுக்கு அனுப்பினால் போதும். இதைப் படிக்கும் கட்சி நண்பர்கள் யாராவது செய்யுங்கள். கெஞ்சியே கேட்கிறேன்.

செவ்வாய், ஓசூர், தளி

ஓசூர்ச் சுவர்களில் அரசியலை விட "ஆட்கள் தேவை" நோட்டீஸ்தான் அதிகம். ஐ.டி.ஐ. முடித்தவர், ஹெல்பர், தங்குமிடம் உண்டு. தொழிற்சாலை ஊர், அப்படித்தான் இருக்கும். தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு, தளி பஸ் ஏறினேன்.

தளி 2021-ல் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியைத் தேர்ந்தெடுத்த தொகுதி, கதிர் அரிவாள் நிறையவே கண்ணில் படுகிறது. வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும், கடையில் தமிழும் பேசும் ஊர்கள். தளி தாண்டி ஒரு கிராமத்தில் இரண்டு பையன்கள் ஏணி போட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். பாலக்கோட்டு ஆர்ட்டிஸ்ட் சொன்ன மாதிரியே நூல் சுண்டிய கோடு. நின்றுவிட்டேன். மேலே தமிழ் முடிந்திருந்தது, கீழே தெலுங்கு. பெரிய பையன் கையில் ஒரு துண்டுச் சீட்டு. யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தான். தெலுங்கு படிக்கத் தெரியுமா என்றால், பேசத்தான் தெரியும் அக்கா என்றான்.

உள்ளேயிருந்து வீட்டுக்கார அம்மா வந்தார். எழுபது இருக்கும். சுவரைப் பார்த்தார், ஒரு எழுத்தைக் காட்டி அது தப்பு என்றார். சிறு வயதில் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவராம். பையன் உடனே இறங்கி, சீட்டைக் கொடுத்து, முழுவதும் படித்துப் பார்க்கச் சொன்னான். இன்னொரு இடத்திலும் கால் விட்டுப் போயிருந்தது. இரண்டையும் திருத்தினான்.

தேர்தல் நடத்தை விதியில் இது தெளிவாகவே இருக்கிறது. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் யார் வீட்டுச் சுவரிலும், காம்பவுண்டிலும் எழுதவோ நோட்டீஸ் ஒட்டவோ கொடி நடவோ கூடாது. அம்மாவிடம் கேட்டார்களா என்று விசாரித்தேன்.

"என் மகனைக் கேட்டாங்களாம். அவன் பெங்களூர்ல இருக்கான். போன்ல சரின்னானாம்."

சொல்லிவிட்டு, சின்னப் பையன் ஜன்னலுக்குக் கீழே சுண்ணாம்பு பூச ஆரம்பித்திருந்ததைப் பார்த்து அவனை நிறுத்தினார். அந்த இடத்தில்தான் அவர் வெயிலுக்குச் சாய்ந்து உட்கார்வது. ஈர பெயின்ட் புடவையில் ஒட்டும். ஜன்னலிலிருந்து இந்தப் பக்கம் வேண்டாம் என்று கையாலேயே ஒரு கோடு காட்டினார். பெரிய பையன் கட்சிக்காரருக்குப் போன் போட்டான். நீளம் குறைகிறது, வாசகம் கொள்ளாது என்று பேசினான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. நூலை எடுத்து, ஜன்னலுக்கு ஒரு சாண் முன்னால் வைத்து மறுபடி சுண்டினான். "வெற்றி பெறச் செய்வீர்" என்பது கொள்ளாமல் "வாக்களிப்பீர்" என்று மாற்றினார்கள். எனக்கு அதுவே படிக்க நன்றாக இருந்தது.